டாக்டருக்கும் ரிமூவ் வகுப்பு

லோகேஸ்வரி அந்தச் செய்தியைச் சொன்னபோது அவளுடைய அப்பா தர்மராஜ் ஓர் ஆட்டு எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பா, எடம் கெடச்சிருச்சி. எங்க ஆஸ்பத்திரியில இந்த வருஷம் ரெண்டே ரெண்டு எடம். அதுல ஒண்ணு எனக்கு. மூணு வருஷ ட்ரெய்னிங்."

அம்மா செல்லம் உடனே சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. மகள் சிரித்தபடி சொன்னால் அது நல்ல சேதி என்பது செல்லத்தின் கணக்கு. மகள் சிரித்தபடி சொன்னால் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது தர்மராஜின் கணக்கு. அவர் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"என்னா ட்ரெய்னிங்? நீதான் படிச்சி முடிச்சிட்டியே."

"இன்டர்வென்ஷனல் ரேடியோலஜி."

"ரேடியோலஜி முடிச்சிட்டன்னு சொல்லித்தானே போன வருஷம் கோயில்ல அன்னதானம் போட்டேன்?"

"அது ரேடியோலஜிபா. படத்தப் பாத்து என்னா நோயின்னு சொல்றது. இது படத்தப் பாத்துக்கிட்டே வைத்தியம் பண்றது. ஆள அறுக்க வேணாம். தொடையிலயோ மணிக்கட்டுலயோ சின்ன ஓட்ட ஒண்ணு. அதுல மெல்லிசா ஒரு கம்பிய விட்டு, ரத்தக்கொழா வழியாவே நோய் இருக்கிற எடத்துக்குப் போயிருவோம்."

"கம்பி விடறதுக்கு மூணு வருஷமா?"

"கம்பிய எங்க விடக்கூடாதுன்னு தெரிஞ்சிக்கத்தான் மூணு வருஷம்," என்று சொல்லிவிட்டு லோகேஸ்வரி ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

தர்மராஜ் அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம். அவர் யோசித்தால் யார் மீதோ சந்தேகப்படுகிறார் என்று அர்த்தம்.

சந்தேகம் தர்மராஜுக்குக் குணம் இல்லை, உத்தியோகம். லாபுப் பக்கத்தில் இருக்கும் வாத்துக்காரன் தோட்டத்தில் அவர் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர் காலத்தில் பாலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று வாளியை முகர்ந்தார். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட காலத்தில் காய்க்குலையைப் பழக்குலை என்று கணக்குக் காட்டுகிறார்களோ என்று லாரிமேல் ஏறிப் பார்த்தார். முதுகுவலி என்று டாக்டரிடம் எம்.சி. என்ற விடுப்புச் சீட்டு எடுத்தவன் ரம்புத்தான் மரத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, மரத்தடியில் நின்றபடியே அவன் ஒருநாள் சம்பளத்தை வெட்டினார். உத்தியோகம் போய்விட்டது, சந்தேகத்துக்கு மட்டும் ஓய்வு வயது வரவில்லை. பெட்ரோல் பம்பின் முள்ளையும் கோயில் உண்டியலின் பூட்டையும் வானிலை அறிக்கையையும் அவர் இன்னமும் ஒரே கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் டாக்டர் என்பதை மட்டும் அவர் சந்தேகித்ததே இல்லை. அந்தப் பட்டம் மகள் பெயரில் இருந்ததே தவிர, அனுபவித்துக்கொண்டிருந்தவர் அவர். 'டாக்டரோட அப்பா' என்று சொன்னால் தேத்தண்ணி விற்கும் ஒட்டுக்கடையில் நாற்காலி காலியாகும். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது கோயில் வாசலில் ஒரு பேனர் கட்டினார். பட்டம் வாங்கியபோது இன்னொன்று. ரேடியோலஜி நிபுணர் ஆனபோது மூன்றாவது. அந்த மூன்றாவது பேனரில் அப்பா படம் மகள் படத்தைவிட இரண்டு பங்கு பெரிதாக இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். அச்சடித்தவன் தவறு என்று தர்மராஜ் விளக்கம் கொடுத்தார்.

இப்போது அவர் வருடங்களைக் கூட்டிப் பார்த்தார். ஐந்து வருடம் கல்லூரி. அப்புறம் இரண்டு வருடம் ஹவுஸ்மன் என்று தூக்கமில்லாமல் அலைந்தாள். அப்புறம் மெடிக்கல் ஆபீசர் என்று ஊர் ஊராக மாற்றல். அப்புறம் நான்கு வருடம் மாஸ்டர். அரசாங்கமே நிபுணர் என்று அறிவித்த பிறகு, மறுபடியும் ட்ரெய்னி. படித்து முடித்த பிள்ளையை மறுபடி உட்கார வைக்கும் இடம் தர்மராஜுக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

ரிமூவ்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, மலாய்மொழியில் தடுக்கி விழுந்த பிள்ளையை நேராகப் படிவம் ஒன்றுக்கு ஏற்றமாட்டார்கள். ரிமூவ் என்று ஒரு வகுப்பில் ஒரு வருடம் உட்கார வைப்பார்கள். எதற்கு உட்கார்ந்திருக்கிறோம் என்று பிள்ளைக்கும் தெரியாது. எதற்கு உட்கார வைத்திருக்கிறோம் என்று வாத்தியாருக்கும் தெரியாது. பாதிப் பேர் அங்கிருந்தே செம்பனைக் காட்டுக்குப் போய்விட்டார்கள். லோகேஸ்வரி ரிமூவைத் தாண்டிக் குதித்தவள். அதைத் தர்மராஜ் சொல்லாத கடை லாபுவிலிருந்து நீலாய் வரைக்கும் பாக்கியில்லை. ஆக, சின்ன வயதில் தப்பித்த ரிமூவில் முப்பத்தைந்து வயதில் மாட்டியிருக்கிறாள். பெயிலாகிவிட்டாள். வெட்கத்தில் இங்கிலீசில் ஏதோ பெயர் வைத்துச் சொல்கிறாள்.

சந்தேகம் வந்தபிறகு சாட்சி கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அவளிடம் எப்போதாவது ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்திருக்கிறாரா? இல்லை. தோட்டத்தில் யாராவது காய்ச்சல் என்று வந்தால் ஊசி போட்டிருக்கிறாளா? "கிளினிக்குக்குப் போங்கண்ணே" என்பாள். எம்.சி. கேட்டால் சிரிப்பாள். வாத்துக்காரன் தோட்டத்தைப் பொறுத்தவரை எம்.சி. கொடுப்பவர்தான் டாக்டர், கொடுக்காதவர் எவ்வளவு படித்திருந்தாலும் பொதுமக்கள்தான்.

பெரிய சாட்சி அன்று சாயங்காலமே கிடைத்தது. கிளம்புவதற்கு முன்னால் லோகேஸ்வரி தன் காடியின் டிக்கியைத் திறந்து, நீலத்துணியில் தைத்த சட்டை போன்ற ஒன்றைத் தூக்கிவந்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"மா, தோள்பட்ட வாரு பிஞ்சிருச்சி. கெட்டியா ஒரு தையல் போட்டுக் குடு."

நடுவில் கைநீட்டிய தர்மராஜ் அதன் கனத்தில் முன்னுக்குச் சாய்ந்தார். உர மூட்டையைத் தூக்கியதுபோல் இருந்தது.

"உள்ளார என்னா வெச்சிருக்கு?"

"ஈயம்பா. நாங்க வேல செய்யிறப்ப எக்ஸ்ரே ஓடிக்கிட்டே இருக்கும்ல. அது மேல படாம இருக்க."

"இதப் போட்டுக்கிட்டு?"

"நிக்கிறதுதான். கேசு இழுத்துச்சின்னா அர நாளுகூட. இப்பவே உதவிக்கு நிக்கிறேன்ல, முதுகு போயிரும்."

தர்மராஜ் அதை மெல்ல இறக்கி வைத்தார். தப்புச் செய்த பிள்ளையின் இரண்டு கையிலும் செங்கல்லைக் கொடுத்து வெயிலில் நிறுத்தும் வாத்தியார்களை அவருக்குத் தெரியும். பெரிய படிப்பில் செங்கல்லுக்குப் பதிலாக ஈயம் போலிருக்கிறது.

மறுநாள் காலையில் அவர் புனிதனின் ஒட்டுக்கடைக்குப் போனபோது டத்தோ தங்கராஜு அங்கே பசியாறிக்கொண்டிருந்தார். டத்தோ ஒரு காலத்தில் தோட்டங்களுக்கு லாரி விட்டவர். இப்போது அம்பாங்கானில் கடைவீடுகள் வைத்திருக்கிறார், கோயில் தலைவர். எந்த அரண்மனை அவருக்கு 'டத்தோ' பட்டம் கொடுத்தது என்று யாராவது கேட்டால் அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்துவிடும். அந்தக் கடைவீடுகளில் ஒன்றில், டயர் கடைக்கும் துணி துவைக்கும் கடைக்கும் நடுவில், ஒரு மெடிக்கல் சென்டர் திறக்கப்போவதாக டத்தோ ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலி வந்துவிட்டது, ஏர்கோன் வந்துவிட்டது. டாக்டர்தான் வரவில்லை.

தர்மராஜ் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். டத்தோ தோசையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆழ்ந்து யோசிப்பதற்கு அவரிடம் இருந்த ஒரே முறை அது.

"கிராணி, நான் மினிஸ்ட்ரி வரைக்கும் போயிட்டு வர்ற ஆளு. சொல்றேன் கேளு. பாஸானவன வெளிய உட்ருவான். பாஸாவாதவனத்தான் உள்ளயே வெச்சிருப்பான். ஜெயிலு எப்படி? அதே சிஸ்டம்தான்லா."

"அப்ப புள்ள..."

"புள்ளைய நம்ம வெளிய எடுத்துருவோம். மேலதிகாரியப் போயி பாப்போம். நான் இருக்கேன். திருவிழா அன்னிக்கே சென்டரத் தொறக்குறோம், போர்டுல உன் மக பேரு. கீழ சின்னதா உன் பேரும் போட்டுக்கலாம்."

"எவ்ளோ சின்னதா டத்தோ?" என்று தர்மராஜ் கேட்டார்.

அந்தக் காலத்தில் பிள்ளையை மேல் வகுப்புக்கு ஏற்றவில்லை என்றால் அப்பன்மார் ஒரு தட்டில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலைப் பாக்கு வைத்துத் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போவார்கள். தலைமையாசிரியர் தட்டைப் பார்ப்பார், பிள்ளையைப் பார்ப்பார், மறுபடி தட்டைப் பார்ப்பார், பிள்ளை ஏறிவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் தர்மராஜ் தட்டோடுதான் போனார். டாக்டர் என்பதால் ஆரஞ்சுப் பழத்தையும் ஒரு பொன்னாடையையும் கூடுதலாக வைத்துக்கொண்டார். மகளுக்குச் சொல்லவில்லை.

பிரிவின் தலைவர் டாக்டர் ரொஸ்னா. ஐம்பது வயதுக்காரர். அவர் அறையில் நாற்காலிகள் இருந்தும் அவர் உட்காரவில்லை. இடுப்பில் ஒத்தடப் பையைக் கட்டிக்கொண்டு உயரமான மேசையில் கையூன்றி நின்றபடியே வேலை பார்த்தார். டத்தோ தன் பெயரட்டையைத் தங்க நிறப் பக்கம் மேலே தெரியும்படி நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பாமல் மேசைமேல் வைத்து, அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார். தட்டைப் பார்த்ததும், "மன்னிக்கணும், அரசாங்க ஊழியர் நாங்கள் எதையும் வாங்கக்கூடாது," என்றார்.

தட்டை வாங்காதவர் பெரிய தட்டை எதிர்பார்க்கிறார் என்று தர்மராஜ் மனதுக்குள் குறித்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, தோட்ட ஆபீசில் துரைமார்களுக்காக வளர்த்துவைத்திருந்த இங்கிலீசை அவிழ்த்தார். தமிழில் சொன்னால் அது ஏறக்குறைய இப்படி வரும்:

"மேன்மை தங்கிய டாக்டர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, என் மகள் லோகேஸ்வரி சம்பந்தமாக மிகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், அன்னாரை இந்த மூன்று வருட ஏற்பாட்டில் வைக்காமல் தயவுசெய்து வெளியே அனுப்பும்படி குடும்பத்தார் சார்பில் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்."

டாக்டர் ரொஸ்னா பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்கள் மகள் இந்தப் பயிற்சியில் சேருவது குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை. அப்படித்தானே?"

"கொஞ்சமும் பிடிக்கவில்லை டாக்டர். வருடக்கணக்காகப் பொறுத்தாயிற்று. இனி தாங்காது."

"நீங்கள் வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிந்தால் வெட்கப்படுவாள்."

"படுவார்," என்றார் டாக்டர் ரொஸ்னா. "சரி, புரிந்தது. நான் அவரோடு பேசுகிறேன்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று காடியில் வரும்போது தர்மராஜுக்கு லேசாக உறுத்தியது. "எல்லாம் என் கார்டப் பாத்த எபெக்டு," என்று டத்தோ விளக்கினார். ஆரஞ்சுப் பழங்களை இருவரும் வழியெல்லாம் உரித்துத் தின்றுகொண்டே வந்தார்கள்.

அன்று சாயங்காலம் கோயில் கூட்டத்தில் டத்தோ பேசினார், தர்மராஜ் பேசினார், டத்தோ மறுபடி பேசினார். 'நமது டாக்டரை' மேலிடத்தில் வாதாடி வெளியே கொண்டுவந்தாயிற்று என்றும், திருவிழா அன்று மெடிக்கல் சென்டர் திறப்புவிழா என்றும் தீர்மானம் நிறைவேறியது. எம்.சி. சலுகை விலையில் கிடைக்குமா என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். பலத்த கைதட்டல்.

மறுநாள் வேலைநாள். லோகேஸ்வரி வருவதற்குக் காரணமே இல்லை. ஆனாலும் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"பா. டாக்டர் ரொஸ்னாவப் போயி பாத்தீங்களா?"

தர்மராஜ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "உன் நல்லதுக்குத்தான் பாப்பா. அவுங்களும் ஒத்துக்கிட்டாங்க. வெளிய உட்ருவாங்க."

"எங்கேர்ந்து வெளிய?"

"அதான்... அந்த ரிமூவுலேர்ந்து."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி இல்லை.

"நான் பெயிலாயிட்டன்னா நெனச்சீங்க?"

"பெயிலுன்னு யாரு சொன்னா? பாஸாவலன்னு..."

"பா, அந்த ரெண்டு எடத்துக்கு எத்தன பேரு இன்டர்வியூவுக்கு வந்தாங்க தெரியுமா? நிபுணர் ஆவாம அந்த வாசல்லகூட நிக்க முடியாது. நாலு வருஷமா அந்த ஒரு எடத்துக்குத்தான் நான் ஓடிக்கிட்டு இருக்கேன். லீவுல எல்லாம் அங்கதான் போயி நின்னேன். நீங்க ஒரு தட்டத் தூக்கிக்கிட்டுப் போயி, வேணாம்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"நீயே பிளம்பரு மாதிரி ஓட்ட போடறேன், கம்பி விடறேன்னு சொன்னா நான் என்னான்னு நெனப்பேன்?"

"ஆமா, பிளம்பருதான். போன மாசம் புள்ள பெத்த ஒரு பொம்பளைக்கு ரத்தம் நிக்கல. கர்ப்பப்பைய எடுக்கணும்னாங்க. டாக்டர் ரொஸ்னா தொடை வழியா போயி, ஒழுகுற கொழாய மட்டும் அடைச்சிட்டு வந்தாங்க. நான் பக்கத்துல நின்னேன். மறுநா அவ உக்காந்து புள்ளைக்குப் பால் குடுக்குறா. யாரு காப்பாத்துனதுன்னுகூட அவளுக்குத் தெரியாது. அந்தப் பிளம்பர் வேலதான் எனக்கு வேணும்."

கர்ப்பப்பை, பால் என்றெல்லாம் மகள் எதிரில் நின்று பேசுவதைத் தர்மராஜ் எதிர்பார்க்கவில்லை. அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். அதில் சமையல் எண்ணெய் விளம்பரம் ஓடியது.

"இப்ப என்னா ஆச்சி? எடம் போயிருச்சா?" என்று செல்லம் கேட்டாள்.

"போவல. வெள்ளிக்கிழமைக்குள்ள அப்பாவ நேர்ல கூட்டிட்டு வரச் சொல்றாங்க. பர்மிஷனுக்கு இல்ல, அதுக்கு எனக்கு வயசாச்சி. ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒருத்தி பாதியிலயே விட்டுட்டுப் போயிட்டா. வீட்ல விடல. பாதியில போன எடத்துல வேற ஆளப் போட முடியாது, சும்மாவே கெடந்துச்சாம். இன்னொரு தடவ அப்படி ஆவக்கூடாதுன்னு நெனக்கிறாங்க. கோத்தா பாருவுல ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்காரு, நீங்க வரலன்னா அவருக்குக் குடுத்துருவாங்க." லோகேஸ்வரி அப்பாவைப் பார்த்தாள். "வர்றீங்களா, இல்லயா?"

தர்மராஜ் வாயைத் திறப்பதற்குள் செல்லம் முந்திக்கொண்டாள். "என்னாங்க, ஆபீசுல ஊரான் எம்.சி.ய சந்தேகப்பட்டீங்க, சம்பளம் குடுத்தாங்க. பெத்த புள்ளையச் சந்தேகப்பட உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?"

வெள்ளிக்கிழமை காலையில் மகளின் காடியில் உட்கார்ந்துகொண்டு போகும்போது தர்மராஜ் தன் நிலைமையை அலசினார். சம்மதம் என்று சொன்னால் கோயில் தீர்மானம் என்னாவது? டத்தோவின் முகத்தில் எப்படி விழிப்பது? 'வாதாடி வெளியே கொண்டுவந்த' டாக்டரை மறுபடி உள்ளே விட்டுவிட்டு வந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? சம்மதமில்லை என்று சொன்னாலோ, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் இந்தக் கை இனி அவருக்குச் சோறு போட்டாலும் போடும், பேசாது. நடுவில், இதெல்லாம் மகளும் அந்த டாக்டரும் சேர்ந்து போடும் நாடகமோ என்றும் ஒரு கோணத்தில் பார்த்தார். பழக்கம்.

டாக்டர் ரொஸ்னா இன்றும் நின்றுகொண்டிருந்தார். தர்மராஜ் தட்டுக் கொண்டுவரவில்லை. கேள்விகள் கொண்டுவந்திருந்தார். இங்கிலீசையும் இந்த முறை கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டார்.

"இது முடிந்தால் அடுத்து ஒரு வகுப்பு இருக்கிறதா?"

"வகுப்பு இல்லை. ஆனால் கற்றுக்கொள்வது நிற்காது. புதிதாக ஏதாவது கருவி வந்துகொண்டே இருக்கும். மறுபடி மாணவர் ஆக வேண்டியதுதான். எனக்கே அடுத்த மாதம் ஒரு பயிற்சி இருக்கிறது."

"அப்புறம் வேலை?"

"வேலைக்குக் கவலையில்லை. நாட்டில் ஆள் பற்றாது. அரசாங்க ஆஸ்பத்திரிகள் காத்துக்கொண்டிருக்கின்றன. தனியார் கூப்பிடுவார்கள், சிங்கப்பூரில் கூப்பிடுவார்கள். என்னிடம் படித்த பாதிப் பேர் போய்விட்டார்கள்."

"நீங்கள் ஏன் போகவில்லை?"

"என் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள்," என்றார் டாக்டர். "பதில் கிடைத்ததும் உங்களுக்கும் சொல்கிறேன்."

"பெயர்ப்பலகை வைக்கலாமா?"

"எதற்கு? எங்களைத் தேடி நோயாளி வரமாட்டார். வேறு டாக்டர்தான் அனுப்புவார். குணமானபிறகு அனுப்பியவருக்குத்தான் நன்றி சொல்வார்."

"குறைகள்?" என்று கேட்டார் தர்மராஜ். கேட்கும்போதே பதில் வராது என்று அவருக்குத் தெரியும். எந்த இடத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததில்லை.

டாக்டர் ரொஸ்னா இடுப்பு ஒத்தடப் பையைத் தட்டிக் காட்டினார். "முதலில் இது. ஈயச் சட்டை போட்டு நிற்பதால் எங்களில் பலருக்கு முதுகு போய்விட்டது. கண்ணுக்கும் ஆகாது, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ரத்தம் ஒழுகிக்கொண்டு யாராவது வந்தால் சாப்பிடும்போது, தூங்கும்போது, தீபாவளியன்று கூப்பிடுவோம். வந்துதான் ஆக வேண்டும். கர்ப்பமாக இருந்தால் ஏகப்பட்ட கட்டுப்பாடு. சில சமயம் எல்லாம் சரியாகச் செய்தும் ஆள் போய்விடுவார். அன்று வீட்டுக்குப் போய் யாரோடும் பேச முடியாது. இதையெல்லாம் உங்கள் மகளிடம் முதல் நாளே சொன்னேன். அப்புறமும் மனுப் போட்டார்."

 வாழ்க்கையில் தர்மராஜை ஏமாற்றியவர்கள் அத்தனை பேரும் நல்லதை மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தை விற்ற கம்பெனி ஆளுக்கொரு வீடு என்றது. வீட்டின் நிறத்தைக்கூடச் சொன்னது. டத்தோ மெடிக்கல் சென்டரைப் பற்றி இத்தனை மாதமாகப் பேசுகிறார், இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. ஆள் பிடிக்க வந்த இடத்தில் முதுகையும் கண்ணையும் முன்கூட்டியே காட்டுகிற ஒருத்தரை அவர் இப்போதுதான் பார்க்கிறார். இது ஒருவேளை புதுவகைத் தந்திரமோ என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. பக்கத்தில் லோகேஸ்வரியைப் பார்த்தார். அவள் அப்பாவையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய எந்தப் பரீட்சை முடிவுக்கும் அவர் பக்கத்தில் இருந்ததில்லை. பேனர் அடிக்கக் கொடுக்கத்தான் போயிருந்தார்.

"எனக்குச் சம்மதம்," என்றார்.

"பாதியில் வீட்டுக்கு வா என்று சொல்வீர்களா? கல்யாணம், கிளினிக், இப்படி ஏதாவது?"

அம்பாங்கானில் ஒரு மாப்பிள்ளையின் ஜாதகம் அவர் சட்டைப்பையில் இருந்தது. தர்மராஜ் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். "சொல்லமாட்டேன். அவள் அம்மாவும் சொல்லமாட்டாள். டத்தோ ஏதாவது சொன்னால்..."

"யார் டத்தோ?" என்று கேட்டார் டாக்டர் ரொஸ்னா.

தர்மராஜ் மேசையில் அந்தத் தங்க நிறப் பெயரட்டையைத் தேடினார்.

வெளியே வந்ததும் லோகேஸ்வரி, "பா, நான் வேலைக்குப் போவணும். பஸ் ஏறிருவீங்கள்ல?" என்றாள். தலையை ஆட்டினார். அவள் நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்காமல் இருப்பதற்காகத் தர்மராஜ் உடனே டத்தோவுக்குப் போன் போட்டார்.

"டத்தோ, புள்ள வராது. படிக்கப் போவுது."

"என்னாலா கிராணி! தீர்மானம் போட்டாச்சி. உன்ன நல்லா ஏமாத்துறாங்கலா!"

"இருக்கலாம் டத்தோ. உங்க சென்டர்ல கொற ஏதாச்சும் ஒண்ணு இருந்தா சொல்லுங்களேன்."

"கொறையா? என்னா கொற? ஒரு கொறையும் கெடையாது!"

"அப்ப சரி டத்தோ," என்று தர்மராஜ் போனை வைத்தார்.

செய்தி பஸ்ஸைவிட வேகமாகத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. டாக்டர் பெண் மறுபடியும் பெயிலாம், அப்பா நேரில் போய் அழுதும் விடவில்லையாம். மெடிக்கல் சென்டர் பேனரில் அவள் பெயர் இருந்த இடத்தில், திறப்பாளர் டத்தோ தங்கராஜுவின் படம் இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒட்டப்பட்டுவிட்டது. மறுநாள் ஒட்டுக்கடையில் தர்மராஜ் வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் ஒரு சாவு வீட்டில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்கள்.

"கவலப்படாதீங்கண்ணே," என்றான் புனிதன். "படிப்புன்னா அப்படித்தான். அடுத்த தடவ பாஸாயிரும்."

தர்மராஜ் விளக்க ஆரம்பித்தார். தொடையில் ஓட்டை, கம்பி, ரத்தக்குழாய், நாட்டிலேயே சில பேர், இரண்டே இடம். சொல்லச் சொல்ல எதிரில் இருந்த முகங்களில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. ஒருவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஈயச் சட்டையைப் பற்றிச் சொன்னபோது இன்னொருவர், "பாவம், அந்தப் புள்ளைய என்னா பாடு படுத்துறானுங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாதியிலேயே தர்மராஜுக்குப் புரிந்துவிட்டது: இவர்களுக்கு அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூட நம்பிக்கையில்லை.

"எத்தன வருஷமாவும்ண்ணே?" என்று புனிதன் கேட்டான்.

"மூணு," என்றார் தர்மராஜ்.

"ஓடிரும்ண்ணே."

தேத்தண்ணி வந்தது. காசு வேண்டாம் என்று புனிதன் சொல்லிவிட்டான். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். சீனி கூடுதலாக இருந்தது. துக்கத்தில் இருக்கிறவனுக்குப் போடுகிற சீனி. மீதியையும் குடித்தார்.